புதிய மடிக்கணினியும் பழைய இயங்குதளமும்

தோட்டக் குடியிருப்புகளில் மடிக்கணினி இன்று அரிய பொருள் அன்று. பிள்ளைகளின் படிப்பிற்கென்று வாங்கப்பட்டு, பின்னர் ஆலயக் கணக்கு, இளைஞர் மன்றக் கடிதம், சங்கச் சந்தா எனப் பல பணிகளுக்கும் அது பயன்பட்டு வருகிறது. பால் வெட்டி ஈட்டிய ஊதியத்தில் மாதந்தோறும் சிறுகச் சிறுக ஒதுக்கி வாங்கிய கருவியாதலால், அதில் ஒரு கோளாறு நேர்ந்தால் குடும்பமே கவலை கொள்கிறது.

இக்கருவியைப் பற்றிப் பலரும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. “பழைய கணினியில் இருந்த விண்டோஸ் 7 நமக்கு நன்கு பழகிய ஒன்று. நம் பழைய தமிழ்க் கோப்புகள் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இருப்பதை அழித்துவிட்டு, அந்தப் பழையதையே ஏற்றிக்கொள்ளலாகாதா?” என்பதே அவ்வினா. வானொலிப் பெட்டியின் மின்கலத்தைக் கழற்றி வேறொரு பெட்டியில் போடுவது போன்ற எளிய செயலாக இது தோன்றலாம். உண்மை அவ்வாறில்லை. ஏன் இல்லை என்பதையும், அக்கோப்புகளைக் கைவிடாமல் காக்கும் வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் செய்யும் வேலை

விடியற்காலையில் தோட்டத்தில் பெரட்டு நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெயர் கூப்பிட்டு, வந்தோர் யார், வராதோர் யார் என்று கணக்கெடுத்த பின்னரே நிரை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கணினியை முடுக்கியவுடன் அதற்குள்ளும் இத்தகையதொரு பெரட்டு நடைபெறுகின்றது. தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் நிரல், நினைவகம் இருக்கிறதா, வட்டு இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. எல்லாம் சரியாக இருப்பின், பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. அதன் பின்னர் கணினியின் நிர்வாகி இயங்குதளமே. விண்டோஸ் என்பது அத்தகைய இயங்குதளங்களுள் ஒன்று.

ஆயினும், தோட்டத்து நிர்வாகி ஒவ்வொரு தொழிலாளரிடமும் நேரே சென்று பேசுவதில்லை. இடையே மண்டோர் இருக்கிறார். கணினியில் மண்டோரின் வேலையைச் செய்யும் சிறு நிரல்களுக்கு ‘இயக்கி’ என்று பெயர். வட்டுக்கு ஓர் இயக்கி, திரைக்கு ஓர் இயக்கி, விசைப்பலகை செருகப்படும் துளைக்கு ஓர் இயக்கி என்று தனித்தனியே உள்ளன. நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ புதிதாகத் தொழிலாளர் வந்திறங்கிய தோட்டத்தில், அவர்களின் மொழியறிந்த மண்டோர் ஒருவரும் இல்லையென்று வைத்துக்கொள்வோம். ஆளும் இருப்பர், மரமும் இருக்கும். வேலை மட்டும் நடவாது. புதிய மடிக்கணினியில் பழைய இயங்குதளத்தை ஏற்றும்போது நேர்வது பெரும்பாலும் இதுவே. குறை தொழிலாளரிடத்தும் இல்லை, நிர்வாகியிடத்தும் இல்லை. நடுவே பேசுவதற்கு ஆள் இல்லை.

விண்டோஸ் 7 விற்பனைக்கு வந்தது 2009 அக்டோபர் 22ஆம் நாள். அந்நாளில் கடைகளில் இருந்த உறுப்புகளுக்கான இயக்கிகளே அதனுடன் வந்தன. பின்னாளில் பிறக்கப்போகும் உறுப்புகளை அது எவ்வாறு அறியும்?

ஆயர் ஈத்தாமில் ஒரு முயற்சி

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீடொன்றில் வாழும் இளைஞர் ஒருவரின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். அவருடைய பெற்றோர் செபராங் பிறைப் பகுதியில் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி, குடும்பங்கள் பல திசைகளிலும் பிரிந்து சென்ற பின்னரும், அத்தோட்டத்து மக்கள் நடத்தி வந்த மரண சகாய நிதி நின்றுவிடவில்லை. எந்தக் குடும்பம் எந்த ஆண்டு முதல் சந்தா கட்டி வருகிறது, யாருக்குப் பின் யார் பெயர் எழுதப்பட்டுள்ளது என்ற விவரமெல்லாம் பழைய கணினி ஒன்றில், பழைய தமிழ்ச் செயலியில் தட்டெழுதி வைக்கப்பட்டிருந்தது. தாளில் இருந்த பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. பழைய கணினியோ சில நாள் எழும், சில நாள் எழாது என்னும் நிலைக்கு வந்துவிட்டது. அது ஒரேயடியாக நின்றுபோனால், இருபது ஆண்டு சந்தா கட்டிய முதியவர் ஒருவர் மறையும்போது, அவர் வீட்டார் என்ன சான்றைக் காட்டி உதவி கேட்பர்?

இளைஞர் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினியை வாங்கினார். பழைய விண்டோஸ் 7 வட்டினை எடுத்தார். மடிக்கணினியில் குறுவட்டுப் பெட்டியே இல்லை. வட்டில் இருந்ததை விரலளவுள்ள நினைவகக் குச்சிக்கு மாற்றிச் செருகினார். கணினி அதனை ஏற்க மறுத்தது.

மறுத்ததற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் கணினியின் தொடக்கப் பெரட்டை நடத்திய நிரலுக்கு ‘பயாஸ்’ என்று பெயர். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் காலந்தொட்டு வழங்கி வந்த முறை அது. அதன் இடத்தில் இப்போது ‘யு.இ.எஃப்.ஐ.’ எனப்படும் புதிய முறை வந்துள்ளது. இம்முறையில் ‘பாதுகாப்பான தொடக்கம்’ என்றொரு காவல் உண்டு. நம்பகமான முத்திரையிடப்பட்ட இயங்குதளத்தை மட்டுமே அது உள்ளே விடும். விண்டோஸ் 7இடம் அம்முத்திரை இல்லை.

இளைஞர் அமைப்புப் பக்கத்திற்குள் சென்று அக்காவலை நிறுத்தினார். இப்போது ‘விண்டோஸ் தொடங்குகிறது’ என்னும் எழுத்துகள் திரையில் தோன்றின. தோன்றியபடியே உறைந்து நின்றன. அரை மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை. விண்டோஸ் 7, திரையில் முதற்படத்தைக் காட்டுவதற்குப் பழைய பயாஸின் உதவியை எதிர்பார்க்கிறது. புதிய மடிக்கணினியில் அவ்வுதவியாளர் பணியில் இல்லை.

சில ஆண்டுகள் வரை அவ்வுதவியாளர் இருக்கவே செய்தார். பழைய இயங்குதளங்களுக்கென்று யு.இ.எஃப்.ஐ. முறைக்குள் பயாஸைப் போல நடிக்கும் பகுதி ஒன்றை உற்பத்தியாளர்கள் வைத்திருந்தனர். 2020ஆம் ஆண்டிற்குள் அதனை விலக்கிவிடுவதென்று இன்டெல் நிறுவனம் 2017இல் அறிவித்தது. இவ்விடத்தில் ஒன்று கூறத் தோன்றுகிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை அமைத்தது நம் பினாங்கில்தான், ஆண்டு 1972. ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் சாலை வழியே மலையைச் சுற்றிச் சென்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்துவிடும். பழைய விண்டோஸை ஏற்க மறுக்கும் சில்லுகளுள் பல, மலைக்கு அந்தப் பக்கத்தில், நம் வீட்டுப் பிள்ளைகளும் பணிபுரியும் ஆலைகளின் வழியே சென்றவையே.

மலையைக் குறிப்பிட்டதால், ஆயர் ஈத்தாம் மக்கள் நன்கறிந்த இரயிலையும் சொல்லலாம். 1923ஆம் ஆண்டு முதல் பினாங்குக் கொடிமலைக்கு ஏறி வந்த கம்பிவட இரயிலில், பயணிகள் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டியிருந்தது. 2010இல் அச்சேவை நிறுத்தப்பட்டு, 2011இல் புதிய தடமும் புதிய பெட்டிகளும் கொண்டு, அடிவாரத்திலிருந்து உச்சி வரை மாறாமல் செல்லும் சேவை தொடங்கிற்று. பழைய பெட்டி பழுதற்றதாயினும், அதனைப் புதிய தடத்தில் வைத்து மேலே இழுக்க இயலாது. வடம் வேறு, பொறி வேறு, பிடிக்கும் முறை வேறு.

இடைக்கால மடிக்கணினிகள்

2016 முதல் 2019 வரை வெளிவந்த மடிக்கணினிகளை வைத்திருப்போர், “எங்கள் கணினியில் அந்தத் திரை உறையவில்லையே” எனக் கூறலாம். உண்மைதான். பயாஸைப் போல நடிக்கும் பகுதி அவற்றுள் பலவற்றில் உண்டு. ஆனால் அங்கே வேறு இரண்டு தடைகள் நிற்கும்.

முதலாவது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும்; சுட்டி அசையாது, விசைப்பலகை வேலை செய்யாது. இவற்றைச் செருகும் துளைகள் ‘யு.எஸ்.பி. 3’ வகையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 7இன் நிறுவல் வட்டில் அவ்வகைக்கான இயக்கி கிடையாது. இரண்டாவது, “வட்டு எதுவும் காணப்படவில்லை” என்ற அறிவிப்பு வரும். வட்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ‘என்.வி.எம்.இ.’ என்னும் புதிய வகை. அதற்குரிய இயக்கியை மைக்ரோசாப்ட் நிறுவனம் பின்னரே தனியாக வெளியிட்டது. இவ்விரு இயக்கிகளையும் நிறுவல் குச்சிக்குள் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் வேலை முடியும். தேர்ந்த கைகளுக்கு இது இயலாத செயலன்று. எனினும், முடித்த பின்னர் கம்பியில்லா இணையத்திற்கு இயக்கி இல்லை, ஒலிக்கு இல்லை, திரையின் ஒளியைக் குறைக்க இல்லை என்று குறைகள் தொடர்ந்து வரும். 2016 சனவரியிலேயே, இனிவரும் சில்லுகளுக்கு விண்டோஸ் 10 மட்டுமே ஆதரவளிக்கும் என்று மைக்ரோசாப்ட் தெரிவித்துவிட்டது. 2017 முதல், புதிய சில்லு கொண்ட கணினிகளில் ஓடிய விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இறங்குவதையும் தடுத்தது.

விண்டோஸ் 11 உள்ள கணினியில் விண்டோஸ் 10ஐ ஏற்றுவது இவ்வளவு கடினமன்று. அது யு.இ.எஃப்.ஐ. முறையை நன்கறிந்தது. வட்டு தெரியவில்லையென்றால், கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இன்டெல்லின் சேமிப்பக இயக்கியை எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. ஆகவே, அதற்காக இவ்வளவு பாடுபடுவது எவ்வளவு தூரம் தகும் என்பதை அவரவரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டு ஆபத்துகள்

ஆயர் ஈத்தாம் இளைஞர், பழையது வேண்டாமென்று குச்சியைக் கழற்றிவிட்டு விண்டோஸ் 11க்கே திரும்ப முயன்றார். அப்போது நீலத் திரையொன்று தோன்றி, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டது. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில், வட்டில் உள்ள அனைத்தும் பூட்டி மறைக்கப்பட்டே இருக்கின்றன. ‘பாதுகாப்பான தொடக்கம்’ என்னும் காவலை யாரேனும் மாற்றினால், கணினி கள்வர் கையில் சிக்கிவிட்டதோ என்று ஐயுற்று அது சாவியைக் கேட்கிறது. நல்லவேளையாக, கணினியை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் அச்சாவி பதிவாகியிருந்தது. கைப்பேசியில் அக்கணக்கைத் திறந்து சாவியைப் படித்தெடுத்தார். அக்கணக்கைத் திறக்க முடியாமல் போயிருந்தால், வட்டில் இருந்தவற்றை மீட்பது மிகக் கடினமாகியிருக்கும். எனவே, அமைப்புப் பக்கத்தில் எதையும் தொடுவதற்கு முன்னரே அச்சாவியை ஒரு தாளில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. கடையில் கொடுத்துப் பழுது பார்க்கும்போதும் இது பொருந்தும்.

மற்றோர் ஆபத்து மெல்ல வருவது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14ஆம் நாளோடு நின்றுபோயின. கூகுள் குரோம் உலாவியும் 2023 தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. திருத்தம் ஏறாத கணினிக்கு நேரக்கூடியதை உலகம் 2017 மே மாதத்தில் கண்டது. ‘வானாகிரை’ என்னும் தீநிரல் பல நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பாதிப்புற்ற கணினிகளுள் பெரும்பாலானவை திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸ் 7 கணினிகளே. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், சேமநிதி இருப்பைப் பார்ப்பதும் அதே மடிக்கணினியில்தான் என்றால், பழைய இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது கதவில்லா வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

“எதையும் ஏற்றித் தருகிறோம்” என்று கூறும் கடைகளும் உண்டு. அங்கே, உரிமம் எங்கிருந்து வருகிறது என்று தயங்காமல் கேளுங்கள். பழைய கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் பொதுவாக அக்கணினிக்கு மட்டுமே உரியது. தனியே பெட்டியில் வாங்கிய உரிமத்தையே வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். யாரோ ஒருவர் இணையத்தில் ஏற்றி வைத்த ‘இலவச’ விண்டோஸில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்பதை அவரே அறிவார்.

வீட்டுக்குள் ஒரு விருந்தினர் அறை

அப்படியானால் பதிவேட்டை மீட்பது எவ்வாறு? அந்த இளைஞருக்கு உண்மையில் வேண்டியிருந்தது பழைய இயங்குதளம் அன்று. அதற்குள் சிக்கியிருந்த பெயர்களே. அதற்கு மடிக்கணினியில் உள்ளதை அழிக்கவேண்டிய தேவையே இல்லை.

‘மெய்நிகர் கணினி’ என்று ஒரு முறை உண்டு. விண்டோஸ் 11 தன் இடத்திலேயே இருக்கும். அதனுள், சாதாரணச் செயலி ஒன்றைப் போல, ஒரு சன்னலுக்குள் மற்றொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யப்படுகிறது. அந்தப் பாவனைக் கணினியின் வட்டு, திரை, விசைப்பலகை அனைத்தும் பழைய வகை உறுப்புகளைப் போலவே நடந்துகொள்ளும். எனவே விண்டோஸ் 7க்குத் தெரியாத மொழி எதுவும் அங்கே பேசப்படுவதில்லை. புதிய உறுப்புகளோடு பேசும் பொறுப்பு வெளியே உள்ள விண்டோஸ் 11ஐச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் அமர்த்தியதற்கு இது சமம்.

ஆரக்கிள் நிறுவனம் வழங்கும் ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ என்னும் செயலி இதற்குப் பயன்படும். அதனை இலவசமாகவே பெறலாம். மடிக்கணினியில் 8 கிகாபைட் நினைவகம் இருந்தால், அதில் 2 கிகாபைட்டை விருந்தினருக்கு ஒதுக்கலாம். விண்டோஸ் 7க்கு அது போதும். வட்டில் 30 கிகாபைட் இடம் ஒதுக்கினால் தாராளம். விருந்தினர் அசையாமல் நின்றால், அமைப்புப் பக்கத்தில் ‘மெய்நிகராக்கம்’ என்னும் வசதி அணைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். ஒன்றை மட்டும் கடையிலேயே கேட்டறிதல் நன்று. ஸ்னாப்டிராகன் சில்லு கொண்ட மடிக்கணினிகள் சில விற்பனையில் உள்ளன. இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளுக்காக எழுதப்பட்ட பழைய விண்டோஸ் அவற்றில் இம்முறையில் ஓடாது.

பழைய கணினி இன்னும் எழுந்து நிற்குமானால், விண்டோஸை மீண்டும் புதிதாக நிறுவும் வேலையையும் தவிர்க்கலாம். மைக்ரோசாப்டின் ‘டிஸ்க்2விஎச்டி’ என்னும் சிறு கருவி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துத் தருகிறது. அக்கோப்பை வெளி வட்டொன்றில் சேமித்து, மெய்நிகர் கணினிக்கு வட்டாகக் கொடுக்கலாம். உரிமம் பற்றி மேலே கூறிய வரம்பு இதற்கும் உண்டு என்பதை மறத்தலாகாது. இளைஞர் செய்தது இதையே. பழைய கணினி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முதல் வேலையாக வட்டைப் படியெடுத்துக்கொண்டார். மறுவாரம் அது எழவேயில்லை.

விருந்தினர் கணினிக்கு இணைய இணைப்புக் கொடுத்தலாகாது. அமைப்பில் வலையட்டையை அணைத்துவிட்டால் போதும். பழைய பாதுகாப்பற்ற இயங்குதளத்திற்கு வெளியுலகத் தொடர்பு இல்லையாயின், முன்னே சொன்ன ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. கோப்புகளை வெளியே எடுப்பதற்குப் ‘பகிர்ந்த கோப்புறை’ ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

எழுத்து மாற்றம்

பதிவேடு திறந்தது. ஆனால் வெளியே கொண்டுவந்த கோப்பை விண்டோஸ் 11இல் பார்த்தபோது, தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. இதனைக் கோப்புக் கெட்டுவிட்டதன் அறிகுறி என்று பலர் கருதி அழித்துவிடுகின்றனர். கோப்பு கெடவில்லை.

தமிழுக்குக் கணினியில் பொதுவான இடம் கிடைக்கும் முன்னர், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்து எழுதி வந்தோம். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ போன்ற செயலிகள் அக்காலத்தில் பெருந்தொண்டு புரிந்தன. இலங்கையிலிருந்து வந்த ‘பாமினி’ எழுத்துருவும் இங்கே பரவியிருந்தது. ‘தஸ்கி’ என்றொரு குறியேற்றம் இணைய மடலாடலில் வழங்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஒருவர் ‘க’ என்று எழுதிய எண், மற்றொருவரின் எழுத்துருவில் ‘ழு’ என்று தெரியும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் கொடுத்திருந்தது. எனினும், விண்டோஸ் அதனை ஏற்றது 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான். மக்கள் வழக்கில் அது பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பழைய குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ‘என்.எச்.எம். கன்வர்ட்டர்’ அவற்றுள் பெயர் பெற்றது. மேற்கூறிய குறியேற்றங்களை அது அறியும். முதலில் பழைய செயலியில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நான்கைந்து வரிகளை மட்டும் மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். ‘கொ’, ‘கோ’ போன்று இரு பக்கமும் குறி வரும் எழுத்துகளிலும், ‘ஸ்ரீ’, ‘ஜ’, ‘ஷ’ போன்றவற்றிலுமே பிழை மிகுதியாக நேர்கிறது. இவை சரியாக வந்தால் முழுக் கோப்பையும் மாற்றலாம். எண்களையும் தேதிகளையும் கூட ஒரு முறை ஒத்துப் பார்ப்பது நலம். பதிவேட்டில் ஓர் இலக்கம் மாறினால் ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சந்தா மறைந்துபோகும்.

இளைஞரின் பதிவேடு ஒருங்குறிக்கு மாறியதும், பெயர்களை முதன்முறையாக அகர வரிசையில் அடுக்க முடிந்தது. அடுக்கியபோது, ஒரே பெயர் கொண்ட மூன்று பெண்கள் அடுத்தடுத்து நின்றனர். ஒருவர் பெயரையே மூன்று முறை எழுதிவிட்டார்களோ என்று ஐயம் எழுந்தது. தோட்டத்தில் முன்னர் மண்டோராக இருந்த பெரியவர், தந்தை பெயரையும் லயத்து வீட்டு எண்ணையும் வைத்து, மூவரும் வெவ்வேறு ஆட்களே என்று எடுத்துரைத்தார். அவர்களுள் இருவர் இன்றும் சந்தா கட்டி வருகின்றனர். பட்டியல் தாளில் இரண்டு படிகள் அச்சிடப்பட்டு, ஒன்று நிதியின் தலைவரிடமும் மற்றொன்று பொருளாளரிடமும் கொடுக்கப்பட்டது. கோப்பின் படி ஒன்று தனிக் குச்சியில் உள்ளது. பழைய கணினியின் வட்டையும் அவர் எறிந்துவிடவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்.